வாசல் கடலில் இருக்கிற ஊர்

ராஸ் அல் கைமா,
6 ஏப்ரல் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா? மருந்துக்குப் பணம் போன வாரமே அனுப்பிவிட்டேன். வந்து சேர்ந்ததா என்று தம்பியை ஒரு மெசேஜ் போடச் சொல்லுங்கள்.

ஈத் விடுமுறைக்கு எங்கே போனாய் என்று கேட்டீர்கள். கடலுக்குப் போனேன் மாமா. பாய் விரித்து ஓடும் படகில், ரோடே இல்லாத ஊர்களுக்குப் போய்விட்டு வந்தேன். போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை இது. நீங்கள் தோணித் தண்டலாக இருந்தவர். காற்று எங்கிருந்து வந்தது, நங்கூரம் எத்தனை பாகத்தில் போட்டாய் என்று நடுவில் நடுவில் கேட்பீர்கள், சொல்ல வந்தது நின்றுபோகும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் பட்டறையில் இருக்கும் கோவாக்காரப் பெரியவரைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன். அவருக்குச் சொந்தமாக ஒரு படகு உண்டு. ஒற்றைப் பாய்மரம், ஃபைபர் உடம்பு. உங்கள் தோணியின் தளத்தில் தூக்கி வைத்துவிடலாம், அவ்வளவு சிறியது. அவர், அவர் மனைவி, நான், மூன்று பேர். விடுமுறையோடு சேர்த்துக் கொஞ்சம் லீவும் போட்டுக்கொண்டு கிளம்பினோம். கரையை வலப்பக்கம் வைத்து வடகிழக்கே ஓடினால் கசப் வரும். இங்கே ஷமால் என்று சொல்கிற வடமேற்குக் காற்று இடப்பக்கத்திலிருந்து நிதானமாக அடித்தது. எஞ்சினை அணைத்துவிட்டோம். தண்ணீரைக் கிழிக்கும் சத்தமும் பாய் விறைக்கும் சத்தமும் மட்டும்தான். இந்த ஊருக்கு வந்த பிறகு நான் கேட்காத சத்தம் அது.

கசப் ஓமன் நாட்டைச் சேர்ந்தது. ஓமனின் மற்ற பாகத்துக்கும் இதற்கும் நடுவில் அமீரகம் குறுக்கே கிடக்கிறது. ஹோர்முஸ் நீரிணைக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் இந்தத் தனித்துண்டுக்கு முசந்தம் என்று பெயர். துறைமுகத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்துவிட்டுத்தான் மேலே போக முடியும். அந்த வேலை முடிவதற்குள் நான் கோட்டையைப் பார்த்துவிட்டு வந்தேன். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கீசியர் கட்டியது. 1530-களில் தூத்துக்குடிக் கரையில் நம் ஆட்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்களே, அதே பறங்கியர்.

கோட்டை முற்றத்தில் பழைய படகுகளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதில் பத்தீல் என்ற ஒரு ஜாதிப் படகு. நீங்கள் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். அணியத்திலும் பின்பக்கத்திலும் பலகைகள் கூடும் இடத்தில் ஆணி கிடையாது, கயிற்றால் தைத்திருக்கிறார்கள். துளை போட்டு, கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து, இறுக்கி, அடைத்து. இந்த வடகரையில் தென்னை ஏது? காலம் காலமாகத் தேக்கும் தென்னங்கயிறும் மலபாரிலிருந்துதான் இந்தப் பக்கம் வந்தன. கும்ஸார் ஊர்க்காரர்கள் இந்தப் படகின் பின்பக்கத்தைச் சோழிச் சரம் கட்டி அலங்கரிப்பார்களாம். தையல் மேல் விரலை ஓட்டிக்கொண்டே ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன்.

கசபுக்குக் கிழக்கே மலைகளுக்குள் கடல் நுழைந்து வளைந்து வளைந்து போகிறது. கோர் அஷ் ஷாம் என்று பெயர், ஏறக்குறைய 16 கிலோமீட்டர் நீளம். இரண்டு பக்கமும் புல் பூண்டு இல்லாத சுண்ணாம்புக்கல் மலை, செங்குத்தாகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. சுற்றுலா விளம்பரங்களில் அரேபியாவின் நார்வே என்று போடுகிறார்கள். அது சரியில்லை. நார்வேயில் பனிப்பாறை அறுத்த பள்ளத்தாக்குகள். இங்கே அரேபிய நிலத்தட்டு ஈரான் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய் அடியில் சொருகுகிறது, அதோடு சேர்ந்து முசந்தத்தின் நுனி கீழே இறங்குகிறது. ஆறு ஓடிய பள்ளத்தாக்குகளில் கடல் ஏறியிருக்கிறது. கரை ஓரத்திலேயே ஆழம் அதிகம், நங்கூரம் பிடிக்க இடம் தேட வேண்டியிருந்தது. மலை இடுக்கிலிருந்து காற்று திடீர் திடீரென்று கீழே பாயும். பெரியவர் பாயைப் பாதியாகச் சுருக்கிவிட்டார்.

இந்த உட்கடலுக்குள் மலை காலடியில் சின்னச் சின்ன ஊர்கள் இருக்கின்றன. நதீஃபி, கனாஹா, மக்லப், சீபி, ஷாம். ஒவ்வொன்றும் சில குடும்பங்கள்தான். ரோடு கிடையாது, மலை ஏறி வரவும் வழியில்லை. குடிதண்ணீர் படகில் வருகிறது, அரசாங்கம் அனுப்புகிறது. கரையில் தொட்டி வைத்திருக்கிறார்கள், படகு வந்து குழாய் போட்டு நிரப்பிவிட்டுப் போகும். பிள்ளைகள் படிப்புக்குக் கசப் போக வேண்டும். குளிர்காலம் முழுக்க மீன்பிடி. வெயில் முற்றினால் வீட்டைப் பூட்டிக்கொண்டு கசபில் இருக்கும் பேரீச்சந்தோப்புகளுக்குப் போய்விடுவார்கள், பழம் பறிக்கும் காலம் அது.

மலைமேல் இருக்கும் ஜனங்களுக்கும் இதே வழக்கம்தான். அவர்கள் கட்டும் பூட்டு வீட்டைப் பற்றிப் பெரியவர் சொன்னார். பாதி வீடு தரைக்குள், சுவரெல்லாம் பெரிய கல். தானியம் வைக்கும் ஜாடிகளை முதலில் வைத்துவிட்டுத்தான் சுவரே எழுப்புவார்களாம். ஜாடி வாசலைவிடப் பெரிதாக இருக்கும், யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது.

நடுவில் ஒரு மொட்டைப் பாறை. 1864-ல் இந்தியாவையும் ஐரோப்பாவையும் இணைக்கப் பிரிட்டிஷ்காரர்கள் பாரசீகக் குடாவின் அடியில் தந்திக் கம்பி போட்டார்கள். அதற்கு இங்கே ஒரு நிலையம் தேவைப்பட்டது. கரையில் இருந்த ஜனங்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் அந்தப் பாறைமேல் கட்டிக்கொண்டார்கள். சுற்றிலும் மலை, காற்று உள்ளே வராது, கோடையில் கல் கொதிக்கும். நாலைந்து வருஷத்தில் மூட்டை கட்டிவிட்டார்கள். இன்றைக்கும் அதற்குத் தந்தித் தீவு என்றுதான் பெயர். அஸ்திவாரமும் படியும் மிச்சம் இருக்கின்றன. எதிரே கூப்பிடு தூரத்தில் ஊர் இருக்கும்போது, பேச்சே வைத்துக்கொள்ளாமல் ஒரு கல்லில் போய் உட்கார்ந்தால் யாரால்தான் தாங்க முடியும்?

அந்தப் பாறைப் பக்கம்தான் தோ என்கிற சுற்றுலா மரப்படகுகள் எல்லாம் வந்து கட்டுகின்றன. மெத்தை, திண்டு எல்லாம் போட்டு அழகாக வைத்திருக்கிறார்கள். ஆட்கள் குதித்து நீந்துகிறார்கள், ஓங்கல் கூட்டம் கூடவே வருகிறது, பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. கசப் குடும்பங்கள் பல இதை வைத்துத்தான் பிழைக்கின்றன. ஆனால் ஒரு தோ ஸ்பீக்கரில் பாட்டை அலறவிட்டுக்கொண்டு ஓர் ஊருக்கு எதிரே வந்து நின்றது. யாரோ ஒரு ட்ரோனை ஏற்றிவிட்டார்கள். அது போய் வீட்டு முற்றங்களுக்கு மேலே நின்று சுற்றியது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தோவில் இருந்தவர்கள் அதைக் கவனிக்கவே இல்லை. எனக்கு நெஞ்சு கொதித்தது மாமா. ரோடு இல்லாத ஊருக்குக் கடல்தான் வாசல். ஒருத்தர் வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டு கூப்பிடாமலே உள்ளே எட்டிப் பார்ப்பார்களா?

அன்று ராத்திரி பெரியவர் பசிபிக் பக்கம் பாய்ப்படகில் சுற்றிய கதையைச் சொன்னார். ஃபிஜியில் வெளித்தீவுகளுக்குப் போனால் முதல் வேலை, யங்கோனா என்ற செடியின் வேர்க்கட்டை எடுத்துக்கொண்டு ஊர்த்தலைவரிடம் போவதாம். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போடக்கூடாது, தோள் மூடியிருக்க வேண்டும். பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து வேரை அவர் முன்னால் வைக்க வேண்டும். அவர் அதை எடுத்துக்கொண்டு நாலு வார்த்தை சொல்லிவிட்டால், அந்த ஊரும் அந்தக் கடலும் நம்மை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். அதற்கு அப்புறம்தான் நீந்துவது, மீன் பிடிப்பது, ஊருக்குள் நடப்பது எல்லாம். செவுசெவு என்று அந்தச் சடங்குக்குப் பெயர். அந்த நாட்டில் தமிழரும் இருக்கிறார்கள் என்றார். 1903 முதல் சென்னை வழியாகக் கரும்புத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவர்களின் வழி வந்தவர்கள், 1926-ல் தொடங்கிய சங்கம் வைத்து இன்றைக்கும் பள்ளிக்கூடம் நடத்துகிறார்கள்.

எனக்கு உடனே உங்கள் மாலத்தீவுக் கதைதான் ஞாபகம் வந்தது. தோணியில் வெங்காயமும் அரிசியும் ஏற்றிக்கொண்டு போன காலத்தில், காற்று கெட்டு ஒரு சின்னத் தீவுக்கு எதிரே நங்கூரம் போட்டீர்களே, தீவுத் தலைவரான கதீப் ஆள் அனுப்பும்வரை ஒருத்தனும் தண்ணீரில் காலை வைக்கக்கூடாது என்று கப்பல்காரர்களை உட்காரவைத்தீர்களே. மறுநாள் அவரே வந்து இளநீர் இறக்கியதையும், திரும்பும்போது மாசிக் கருவாட்டு மூட்டை ஒன்றைத் தோணியில் வைத்துவிட்டுப் போனதையும் எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள். அதைப் பெரியவரிடம் சொன்னேன். உன் மாமாதான் நாளைக்கு நமக்குத் தண்டல் என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

மறுநாள் கும்ஸாருக்குப் போனோம். முசந்தத்தின் வடக்கு நுனியில், நீரிணைக்கு நேர் முன்னால் இருக்கிறது. இரண்டு மலைக்கு நடுவில் ஓர் ஓடை வாய், அதற்குள் நெருக்கமாக வீடுகள், முன்னால் கடல். கடல் வழி மட்டும்தான். அந்த முனையைச் சுற்றுவது லேசான காரியம் இல்லை. நீவாடு வேகமாக இழுக்கிறது, தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடுகிறது, தூரத்தில் எண்ணெய்க் கப்பல்கள் வரிசை கட்டிப் போகின்றன. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பக்கம் வந்த ஜேம்ஸ் மோரியர் என்ற ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார்: இந்தியக் கப்பல்காரர்கள் இந்த முனையைத் தாண்டும்போது பயணம் நல்லபடி முடிய வேண்டும் என்று தேங்காயும் பழமும் பூவும் கடலில் போடுவார்களாம். எங்களிடம் தேங்காய் இல்லை. பெரியவர் மனைவி ஒரு ஆரஞ்சுப் பழத்தைப் போட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். நான் பனிமய மாதாவை வேண்டிக்கொண்டேன்.

ஊருக்கு நேரே போகாமல் எட்டத்தில் நங்கூரம் போட்டுவிட்டு, பாயை இறக்கிக் கட்டிவிட்டு உட்கார்ந்தோம். அரைமணி நேரத்தில் ஒரு பையன் யமஹா எஞ்சின் வைத்த ஃபைபர் படகில் வந்தான். சலாம் சொன்னோம், ஈத் முபாரக் சொன்னோம். உங்கள் ஊரைப் பார்க்க ஆசை, பெரியவர்கள் சரி என்றால் வருகிறோம், இல்லையென்றால் இப்படியே திரும்பிவிடுகிறோம் என்றார் கோவாக்காரர், அவருக்கு அரபி நன்றாக வரும். பையன் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனான். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. பிறகு அவனே வந்து, தாத்தா கூப்பிடுகிறார், பெருநாள் வீட்டுக்கு வந்தவர்கள் கடலில் உட்காரக்கூடாது என்று சொல்கிறார் என்றான்.

நாங்கள் கொண்டுபோனது ஒரு பெட்டி ஆரஞ்சு, ஒரு தார் வாழைப்பழம், கஹ்வா காப்பிக்கு ஏலக்காய், இரண்டு சுருள் தூண்டில் நரம்பு. பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கிப் போகலாமா என்று நான் கேட்டதற்குப் பெரியவர் கூடாது என்றார். வருகிறவன் எல்லாம் கரையில் நின்று மிட்டாய் வீசிப் பழக்கினால் பிள்ளைகள் படகைக் கண்டதும் கை நீட்டக் கற்றுக்கொள்ளும், அந்த வீட்டுப் பெரியவர்களுக்கு அது எவ்வளவு அவமானம் என்றார். பசிபிக் தீவுகளில் அதைப் பார்த்திருக்கிறாராம். பழத்தைத் தாத்தா கையில்தான் கொடுத்தோம். அவர் தன் கையால் பிரித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்.

கரையில் இறங்கியதும் நம் ஊர் வாசனை மாமா. சாளையை மணலில் பரப்பிக் காயவைத்திருக்கிறார்கள். ஆடுகள் வந்து அந்தக் கருவாட்டைத் தின்கின்றன. புல் முளைக்காத ஊரில் ஆட்டுக்குத் தீனி மீன்தான். ஒரு கிடா என் பக்கத்தில் நின்று சாளையை வால் பக்கத்திலிருந்து மென்றுகொண்டிருந்தது, முள் நொறுங்கும் சத்தம் கேட்டது. வீடுகளுக்கு நடுவில் இரண்டு ஆள் சேர்ந்து நடக்க முடியாத சந்து. ஆனால் எல்லா வீட்டிலும் ஏசி. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலை, எல்லாம் இருக்கிறது. பையன்கள் மலை ஓரத்தில் புட்பால் ஆடிக்கொண்டிருந்தார்கள். உலகத்தை விட்டு ஒதுங்கிய ஊர் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். அவர்கள் பிடிக்கும் சூரையும் கனாத்தும் கசப் போய், அங்கிருந்து லாரியில் அமீரகத்துக்கு வருகின்றன. நம் சீலாவைத்தான் இங்கே கனாத் என்கிறார்கள்.

தாத்தாவின் கையில் நீளக் கம்பு, அதன் தலையில் உள்ளங்கை அளவில் ஒரு கோடரி. ஜிர்ஸ் என்று பெயர். ஓமனின் மற்ற இடத்தில் இடுப்பில் கஞ்சர் என்ற வளைந்த கத்தி வைப்பார்கள், முசந்தத்தில் இந்தக் கோடரிதான். எங்களை மஜ்லிஸ் என்கிற விருந்தினர் அறையில் உட்காரவைத்து அல்வாவும் பேரீச்சம்பழமும் வைத்தார். பேரன் கஹ்வா ஊற்றிக்கொண்டே இருந்தான். போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டிக் காட்ட வேண்டும், அதுவரை விடமாட்டான். பெரியவர் மனைவியைப் பெண்கள் உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவர் ரொம்ப நேரம் கழித்து இரண்டு கையிலும் மருதாணியோடு வந்தார். உள்ளே இருந்த பெண்பிள்ளைகள் மஸ்கட்டில் மேற்படிப்பு படிப்பதைப் பற்றித்தான் பேசினார்களாம்.

வீட்டுக்குள் அவர்கள் பேசுவது அரபி இல்லை. கும்ஸாரி என்று தனி மொழி, பாரசீகக் குடும்பத்தைச் சேர்ந்தது, அரபி நிறையக் கலந்தது. பேசுகிறவர்கள் சில ஆயிரம் பேர்தான். எழுத்து வழக்கம் இல்லை. பெர்ட்ரம் தாமஸ் 1930-ல் இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் அரபி, போனில் அரபியும் ஆங்கிலமும். பேரன் தாத்தாவுக்கு நடுநடுவே அரபியில் பதில் சொல்வதை நானே கவனித்தேன். தாத்தா ஒவ்வொரு முறையும் பொறுமையாகத் தன் மொழியில் திருப்பிச் சொன்னார்.

அவருக்குக் கொஞ்சம் இந்தி தெரியும். அந்தக் காலத்து ஆட்கள் பலருக்கு இங்கே தெரியும். எந்த ஊர் என்றார். தூத்துக்குடி என்றால் அவருக்குத் தெரியவில்லை, சிலோனுக்கு எதிர்க்கரை என்றதும் தலையை ஆட்டினார். பிறகு வாசலுக்கு வந்து எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார். அங்கே ஈரான். லாரக் தீவில் இதே மொழி பேசும் அவர்களுடைய சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். முன்பெல்லாம் பெண் எடுத்துப் பெண் கொடுத்ததாம், இப்போது போய்வருவது குறைவு. நான் எங்கள் பையன்களும் அந்தக் கரையில் மீன்பிடிக்கிறார்கள் என்று சொன்னேன். 2020 கொரோனாவில் பந்தர் அப்பாஸிலிருந்து ஐஎன்எஸ் ஜலஷ்வா 687 பேரை ஏற்றிக்கொண்டு ஜூலை 1-ம் தேதி நம் துறைமுகத்துக்கு வந்ததே, இடிந்தகரைப் பையன்களைப் பார்க்க நீங்களும் போவேன் என்று நின்று போலீஸ் விடவில்லையே, அதையெல்லாம் சொன்னேன். வேலை கொடுத்தவன் சோறு போட்டானா என்று முதலில் கேட்டார். எல்லாருக்கும் சரியாகப் போடவில்லை என்றேன். நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

போட்டோ எடுக்கலாமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் விருந்தாளியிடம் மாட்டேன் என்று சொல்ல அவருக்குச் சங்கடமாக இருக்கும். அதனால் உங்களுக்கு அனுப்பப் படம் இல்லை, எழுத்துதான் இருக்கிறது.

கிளம்பும்போது அவரே ஒரு விஷயம் கேட்டார். அவருடைய அப்பா காலத்தில் பத்தீலின் அடிப்பலகைக்குச் சுறா எண்ணெயும் சுண்ணாம்பும் பூசுவார்களாம். அந்தக் கை போய்விட்டது, பிள்ளைகளுக்கெல்லாம் ஃபைபர்தான் தெரியும். உங்கள் ஊரில் மரப்படகுக்கு என்ன பூசினார்கள், எவ்வளவு பூசினார்கள், எத்தனை மாதத்துக்கு ஒரு தரம் என்று கேட்டார். குங்கிலியம் காய்ச்சுவது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. சின்ன வயதில் அந்தப் புகையில் கண் எரிந்துகொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறது, அளவெல்லாம் தெரியாது. என் மாமாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அதனால் மாமா, தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள். எண்ணெய் என்ன, குங்கிலியம் எத்தனை பங்கு, காய்ச்சும் பதம் எப்படித் தெரியும், பலகை இடுக்கில் பஞ்சு திணிப்பது எப்போது, எல்லாம் விவரமாகச் சொல்லுங்கள். கயிற்றுத் தையலுக்கு மேலே பூசலாமா கூடாதா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள், அவர் அதைத்தான் முக்கியமாகக் கேட்டார். நான் இந்தியில் எழுதிக்கொண்டு பெரியவரை அரபியில் மாற்றச் சொல்கிறேன். மே கடைசிக்குள் வந்துவிட்டால் நல்லது, அதற்கப்புறம் கும்ஸாரில் ஆள் இருக்காது, எல்லாரும் கசப் தோப்புக்குப் போய்விடுவார்கள்.

அத்தைக்கு என் அன்பு. ஆகஸ்டில் மாதா திருவிழாவுக்கு லீவு கேட்டிருக்கிறேன்.

உங்கள் அன்பு மருமகன்